ரசிகரை ஈடு வைத்து வாங்கும் கடன்: கால்பந்து கிளப்புகள் திவாலாவது எப்படி?

2019 ஆகஸ்ட் 27. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி என்ற ஊரில், கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளை ரசிகர்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்திலாவது யாராவது கிளப்பை வாங்கிவிடுவார்கள், வார இறுதியில் போட்டி நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் தாங்களாகவே வந்தவர்கள் அவர்கள். யாரும் வாங்கவில்லை. அன்று இரவே பெரி எஃப்.சி. லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1885-இல் தொடங்கி, 1900-இலும் 1903-இலும் இங்கிலாந்தின் பெரிய கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்று, 125 ஆண்டுகள் லீக்கில் இருந்த கிளப் அது. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பிரிவு மேலே ஏறியிருந்தது. களத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணிதான் காணாமல் போனது.

கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்தவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். ஆட்டக்காரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுக்கும் விளையாட்டில் கிளப்புகள் எப்படித் திவாலாகின்றன? அப்படி ஆனால் ரசிகருக்கு என்ன நேர்கிறது? இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை.

பணம் வருவதும் போவதும்

ஒரு கிளப்புக்கு வருமானம் வரும் வழிகள் குறைவு. டிக்கெட், டிவி உரிமை, விளம்பரமும் ஜெர்சி விற்பனையும், அப்புறம் ஆட்டக்காரர்களை வேறு கிளப்புக்கு விற்றுக் கிடைக்கும் தொகை. மேல் பிரிவில் டிவி பணம் பெரிது. கீழே போகப்போக டிக்கெட்டையும் முதலாளியின் பையையும் நம்பித்தான் பல கிளப்புகள் ஓடுகின்றன. செலவில் மிகப் பெரியது சம்பளம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த இரண்டின் கால அளவு பொருந்துவதில்லை. ஆட்டக்காரரோடு போடும் ஒப்பந்தம் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு இருக்கும். வருமானமோ ஒவ்வோர் ஆண்டும் அணி எந்த இடத்தில் முடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய லீக்குகளில் கடைசி இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். இறங்கிய மறுநாளே டிவி பணம் சரியும். போட்டுக்கொடுத்த சம்பள ஒப்பந்தம் பல நேரம் நின்றபடியே இருக்கும். ஏறினால் இதற்கு நேர் மாறாகப் பணம் கொட்டும். அதனால் ஏறுவதற்காக இன்றைக்கு இல்லாத பணத்தைச் செலவழிக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில், கிளப்புகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த சம்பளம் அவற்றின் மொத்த வருமானத்தையே தாண்டிய சீசன்கள் பல உண்டு. வருமானம் முழுவதையும் சம்பளமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் கடன் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பொருள். இருபத்து நான்கு அணிகள் இப்படிச் செலவழித்தாலும் மேலே போவது மூன்றுதான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் லீட்ஸ் யுனைடெட். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 2001-இல் லீட்ஸ், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனது. இளம் அணி, நிரம்பி வழியும் மைதானம். நிர்வாகம் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. அதற்கு ஈடாக வைக்கப்பட்டது, இனி வரப்போகும் ஆண்டுகளின் டிக்கெட் வசூல். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், அந்தப் பணத்தில் தவணை கட்டுவோம் என்பது கணக்கு. அதே 2001-இல் லீக்கில் நான்காவதாக முடித்தது லீட்ஸ். அன்றைய விதிப்படி முதல் மூன்று அணிகளுக்குத்தான் சாம்பியன்ஸ் லீக் இடம். அடுத்த ஆண்டு ஐந்தாவது. கணக்கு அங்கேயே உடைந்தது. 2002-இல் ரியோ ஃபெர்டினாண்ட் மான்செஸ்டர் யுனைடெடுக்கு விற்கப்பட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். 2004-இல் அணி இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு எல்லண்ட் ரோடு மைதானமும் விற்கப்பட்டது. 2007-இல் மூன்றாம் பிரிவுக்குச் சரிந்தது. மீண்டும் பிரீமியர் லீக்கைப் பார்க்க 2020 ஆனது. இடையில் பதினாறு ஆண்டுகள்.

அந்தக் கடனின் ஈடு என்ன என்பதைக் கவனியுங்கள். அணி எப்படி ஆடினாலும் டிக்கெட் வாங்க வருபவர்கள் இருப்பார்கள் என்பதை நம்பித்தான் கடன் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். ஒரு சோப்புப் பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்குவோம். கிளப்பை அப்படி மாற்றுபவர்கள் அரிது. அந்த மாறாத பற்றுக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அதை அடகு வைக்க முடியும். ரசிகரைக் கேட்காமலே வைக்க முடியும்.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2011-இல் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது. வங்கிக்குக் கட்ட வேண்டிய பெரிய கடனை அடைப்பதாக வாங்கியவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பணம் வந்தது, வரப்போகும் ஆண்டுகளின் சீசன் டிக்கெட்டுகளை ஒரு நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்றதிலிருந்து. ரசிகர்கள் இனிமேல் கொடுக்கப்போகும் பணத்தில்தான் அவர்களுடைய கிளப்பே வாங்கப்பட்டது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 2012 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் முடங்கியது.

1 பவுண்டு என்ற விலை விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும். பெரியும் 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குத்தான் விற்கப்பட்டது. இத்தாலியின் பார்மாவும் 1 யூரோவுக்குக் கைமாறியது. மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். வாங்குபவர் கடன்களையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதால்தான் அந்த விலை. அவற்றைக் கட்டும் வசதி அவருக்கு இருக்கிறதா என்று யாராவது கடுமையாகச் சோதித்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மைதானம் யாருடையது?

என்னைக் கேட்டால், ஒரு கிளப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கோப்பைகளின் எண்ணிக்கையை அல்ல, மைதானத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. கிளப்புக்கு என்று இருக்கும் உருப்படியான ஒரே சொத்து பெரும்பாலும் அந்த நிலம்தான். நெருக்கடி வந்தால் முதலில் அடமானத்துக்குப் போவதும் அதுதான். கிக் லேனில் அடமானம் மட்டுமா? மைதானத்தின் கார் நிறுத்தும் இடங்களைக்கூடத் தனித்தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள்.

டெர்பி கவுன்டியும் ஷெஃபீல்டு வென்ஸ்டேவும் வேறு ஒரு வழியில் போயின. கிளப் தன் மைதானத்தைத் தன் முதலாளியின் இன்னொரு நிறுவனத்துக்கே விற்றது. கணக்குப் புத்தகத்தில் அந்த ஆண்டு லாபம் தெரியும், லீக்கின் நஷ்ட வரம்பு விதியிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அதன் பிறகு கிளப் வாடகைதாரர். பின்னால் கிளப்பை வாங்க ஒருவர் வந்தாலும், மைதானத்துக்குத் தனியாகப் பேரம் பேச வேண்டும். இந்த வழியை லீக் பிறகு அடைத்துவிட்டது. இரண்டு கிளப்புகளும் நெருக்கடியிலிருந்து தப்பவில்லை. டெர்பி 2021-இலும் ஷெஃபீல்டு வென்ஸ்டே 2025-இலும் விழுந்தன.

விழுவது எப்படி நடக்கிறது

இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன், மற்ற நாடுகளில் பெயர்கள் மாறும். முதலில் சம்பளம் தாமதமாகும். அடுத்து வரித்துறையின் பாக்கி ஏறும். பாக்கியை வசூலிக்க, நிறுவனத்தைக் கலைத்துவிடுங்கள் என்று வரித்துறை நீதிமன்றத்தில் மனுப் போடும். புதிய ஆட்டக்காரர்களை வாங்க லீக் தடை விதிக்கும். இதற்கும் பிறகு பணம் வரவில்லை என்றால் கிளப் 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற நிலைக்குப் போகும். அதாவது, முதலாளியின் கையிலிருந்து நிர்வாகம் சட்டப்படி ஒரு வெளி நிபுணரிடம் போகிறது. கடன் கொடுத்தவர்கள் உடனடியாக எதையும் பறிமுதல் செய்ய முடியாது. அந்த அவகாசத்தில் அவர் செலவைக் குறைத்து, விற்கக்கூடியதை விற்று, கிளப்பை வாங்க ஆள் தேடுவார். ஆள் கிடைத்து, கடன் கொடுத்தவர்கள் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டால் கிளப் பிழைக்கும். இல்லையென்றால் நிறுவனம் கலைக்கப்படும்.

கிளப் இந்த நிலைக்குப் போனதும் லீக் புள்ளிகளைக் குறைக்கும். சாம்பியன்ஷிப்பிலும் அதற்குக் கீழும் இப்போது 12 புள்ளிகள். நான்கு வெற்றிகள் அப்படியே அழிந்தது போல. இந்த விதி வந்த கதை தெரிந்தால் அதன் நியாயம் புரியும். 2002-இல் லெஸ்டர் சிட்டி இந்த நிலைக்குப் போய்த் தன் கடனைப் பெருமளவு கழித்துக்கொண்டு, அதே சீசனில் பிரீமியர் லீக்குக்கும் ஏறிவிட்டது. ஒழுங்காகக் கடன் கட்டிய கிளப்புகள் கொதித்தன. 2004-இல் புள்ளிக் குறைப்பு விதி வந்தது. மற்ற கிளப்புகளின் பக்கம் நின்று பார்த்தால் இது சரி. ஆனால் தண்டனை போய்ச் சேருவது, அந்தக் கடனை வாங்காத ஆட்டக்காரர்களுக்கும், அதில் கையெழுத்துப் போடாத ரசிகர்களுக்கும். கடனை ஏற்றிய முதலாளி பெரும்பாலும் அதற்குள் போயிருப்பார். இதைவிட நல்ல தண்டனை முறை ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கடனை யாருக்கு முதலில் திருப்பிக் கொடுப்பது என்பதில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. கால்பந்து உலகத்துக்குள் உள்ள பாக்கிகளை, அதாவது ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் மற்ற கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய தொகையையும், முழுதாகக் கட்டினால்தான் லீக்கில் தொடர முடியும். அதனால் வெளியே உள்ளவர்களுக்கு மிச்சம் மீதிதான். 2010-இல் போர்ட்ஸ்மத் விழுந்தபோது அதன் கடன் 10 கோடி பவுண்டுக்கும் மேல். பாக்கி நின்றவர்களின் பட்டியலில், மைதானத்தில் மயங்கி விழுபவர்களுக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு அமைப்பும் இருந்தது. இந்த விதியை எதிர்த்து பிரிட்டன் வரித்துறை வழக்குப் போட்டு 2012-இல் தோற்றது. கிளப்போடு நேரடிச் சம்பந்தம் இல்லாத சிறு வியாபாரிகள் பலர் இப்படித்தான் நஷ்டப்படுகிறார்கள். அவர்களில் பலர் அதே அணியின் ரசிகர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ரசிகருக்கு என்ன ஆகிறது?

முதலில் பணம். சீசன் டிக்கெட் என்பது முன்பணம். ஆட்டம் நடக்கும் முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார் ரசிகர். நடுவில் கிளப் கலைந்தால், ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் அவரும் போய் நிற்க வேண்டும். அது வரிசையின் கடைசி.

பணத்தை விடப் பெரியது, வாரத்தின் அமைப்பே உடைந்துபோவது. சனிக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் சேர்ந்து போகும் ஒரே இடம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய நண்பர்களைப் பார்க்கும் ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம். பெரி நீக்கப்பட்டபோது அந்த ஊரில் பலர் அதை ஒரு மரணம் போலவே துக்கம் அனுசரித்தார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது மிகையாகத் தோன்றலாம். தாத்தா உட்கார்ந்த வரிசையில் பேரன் உட்காரும் குடும்பங்களுக்கு அது மிகை இல்லை. மைதானத்தைச் சுற்றியுள்ள உணவுக்கடைகள், மதுக்கூடங்கள், போட்டி நாள் வேலைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் அது வருமான இழப்பும்கூட.

எல்லாவற்றையும் விடக் கொடுமையானது ரசிகர் மாட்டிக்கொள்ளும் இக்கட்டு. மோசமான முதலாளியை எதிர்க்க அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் டிக்கெட் வாங்காமல் இருப்பது. வாங்காமல் இருந்தால் கிளப்புக்குப் பணம் வராது, ஊழியர்களின் சம்பளம் போகும், அணி விழும். வாங்கினால் அந்த முதலாளிக்கே மூச்சு கொடுத்தது போல ஆகும். 2025-இல் ஷெஃபீல்டு வென்ஸ்டேயின் ரசிகர்கள் புறக்கணிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பல மாதங்கள் சம்பளம் தாமதமான பிறகு எடுத்த முடிவு. அக்டோபரில் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, 12 புள்ளிகள் குறைந்தன. அந்தச் செய்தி வந்ததும் அதே ரசிகர்கள் டிக்கெட் வாங்கவும் கிளப் கடையில் பொருள் வாங்கவும் திரண்டார்கள். இனி தங்கள் பணம் முதலாளிக்குப் போகாது, கிளப்பைக் காப்பாற்றப் போகும் என்று தெரிந்த கணமே திரும்பி வந்தார்கள். 12 புள்ளிகளை இழந்த நாளை ஒரு விடுதலை போலக் கொண்டாட வேண்டிய நிலைக்கு ரசிகர்களைத் தள்ளியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

மீண்டு வருவது

கிளப்பை நடத்தும் நிறுவனம் கலைந்தாலும் ரசிகர்கள் கலைவதில்லை. ரேஞ்சர்ஸ் 2012-இல் புதிய நிறுவனமாக ஸ்காட்லாந்தின் நான்காம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கியது. ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் என்ற சிறிய அணிக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் நடந்த முதல் லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 49,118 பேர். 2021-இல் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக்கை வென்றது. 2015-இல் திவாலான பார்மா, நான்காம் நிலையிலிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஏறி 2018-இல் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆ-வுக்குத் திரும்பியது. 2004-இல் திவாலாகி மூன்றாம் நிலைக்கு இறங்கிய நேப்பல்ஸின் நாப்போலி 2023-இல் இத்தாலியின் சாம்பியன். பெரிய நகரமும் பெரிய ரசிகர் கூட்டமும் இருந்தால் இது சாத்தியம். சிறிய ஊர்களின் கதை இவ்வளவு பிரகாசமாக இருப்பதில்லை. பெரி ரசிகர்கள் ஒரு புதிய கிளப்பை உருவாக்கி, 2022-இல் அரசு நிதியின் துணையோடு கிக் லேனை மீட்டு, 2023-இல் மீண்டும் பெரி எஃப்.சி. என்ற பெயரில் ஆட வந்தார்கள். முன்பு இருந்த இடத்துக்குப் பல படிகள் கீழே.

அப்படியானால் ரசிகர்களே கிளப்பைச் சொந்தமாக வைத்துக்கொண்டால் என்ன? போர்ட்ஸ்மத் அதைச் செய்து காட்டியது. 2008-இல் எஃப்.ஏ. கோப்பை, 2010-இல் முதல் நெருக்கடி, 2012-இல் இரண்டாவது. அணி நான்காம் பிரிவு வரை சரிந்த நேரத்தில், 2013-இல், ரசிகர் அறக்கட்டளை கிளப்பை வாங்கியது. ஒருவர் ஆயிரம் பவுண்டு வீதம் பங்கு வாங்கினார்கள். தனியாக முடியாதவர்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். பழைய கடன்களைத் தீர்த்து, 2017-இல் நான்காம் பிரிவை வென்று, அதே ஆண்டு பங்குதாரர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி, வசதியுள்ள ஒரு முதலாளிக்கு விற்றார்கள். விற்றது தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. யாருக்கு விற்பது என்று ரசிகர்கள் உட்கார்ந்து விவாதித்து முடிவெடுத்தார்கள். அதற்கு முன் 2009-10 என்ற ஒரே சீசனில் நான்கு முதலாளிகள் மாறியபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

ஆனாலும் ரசிகர்கள் சொந்தக்காரர்களாக இருப்பது மட்டும் காப்பாற்றிவிடாது. பார்சிலோனா அதன் உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப். 2021-இல் அதன் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லாபோர்ட்டா அறிவித்தார். லீக்கின் சம்பள வரம்பு விதியால் அந்த ஆகஸ்டில் மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியவில்லை. வாக்களிக்கும் உறுப்பினர்களும் அடுத்த நட்சத்திரத்தை வாங்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அங்கேயும் டோர்ட்முண்ட் கிளப் 2005-இல் திவாலின் விளிம்புக்குப் போய்த்தான் திரும்பியது.

அதனால் விதிகள் வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் சம்பளத்துக்கும் ஆட்டக்காரர்களை வாங்கவும் செலவிடுவது வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ வரம்பு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பெரியின் அழிவும், பெரிய கிளப்புகள் சில தங்களுக்கென்று தனிப் போட்டி நடத்தப் பார்த்த 2021-இன் சூப்பர் லீக் முயற்சிக்கு எதிராக ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் சேர்ந்து, 2025 ஜூலையில் ஒரு சட்டமாக முடிந்தன. அதன்படி லீக்குகளுக்கு வெளியே ஒரு சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. கிளப்புகளுக்கு உரிமம் கொடுப்பது, வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று சோதிப்பது அதன் வேலை. அதன் அனுமதி இல்லாமல் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. சின்னத்தையும் ஜெர்சியின் நிறத்தையும் மாற்றுவதில் ரசிகர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். இந்தப் பட்டியலில் மைதானம் இருப்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

உங்களுக்குப் பிடித்த கிளப் எந்த நாட்டில் இருந்தாலும், சில அறிகுறிகளை நீங்களே கவனிக்கலாம். ஆண்டுக் கணக்கு குறித்த நாளில் வெளிவருகிறதா? சம்பளம் தாமதம் என்ற செய்தி ஒருமுறை வந்து அடங்கிவிட்டதா, மறுபடி வருகிறதா? முதலாளி போடும் பணம் பங்காக வருகிறதா, கடனாக வருகிறதா? கடன் என்றால் வட்டி யாருக்குப் போகிறது? அடுத்த சீசனின் டிக்கெட் விற்பனை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, அவசர அவசரமாகத் தொடங்குகிறதா? மைதானத்தின் உரிமை எப்போதாவது வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால், ரசிகர் சங்கம் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து அதில் சேர்ந்துவிடுங்கள். போர்ட்ஸ்மத்தில் கிளப்பை வாங்க வேண்டிய நாள் வந்தபோது அறக்கட்டளை ஏற்கெனவே தயாராக இருந்தது.